பதினோராம் மூட்டை

தர்மபுரி
14 மார்ச் 2024

அன்புள்ள தங்கச்சி தீர்த்தம்மாளுக்கு,

கவுஸ் அண்ணன் எழுதுவது. பதினாறாம் நாள் காரியத்துக்குச் சித்தேரி வந்தபோது உன்னிடம் சரியாகப் பேச முடியவில்லை. வாசல் நிறைய ஆட்கள். அர்ச்சுனன் இல்லாத வாசலில் அதிக நேரம் நிற்காமல் கிளம்பிவிட்டேன். போனில் பேசலாம் என்றால் உங்கள் ஊரில் பாறை மேல் ஏறினால்தான் டவர் கிடைக்கும். அவன் ஏறுவான். உன்னை ஏறச் சொல்ல மனம் வரவில்லை. அதனால் அவனும் நானும் நாலு வருஷமாகச் செய்ததையே செய்கிறேன். காலிச் சாக்குகளுக்குள் இந்தக் கடிதத்தை வைத்து கண்டக்டர் சந்திரமோகனிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

இந்த வருஷம் வந்த பதினொரு மூட்டையும் சரியாக வந்து சேர்ந்தது. பத்து மூட்டை எப்போதும்போல. பதினோராவதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அது சின்ன மூட்டை, இருபது கிலோதான் இருக்கும். பிரித்ததும் முகம் சுளித்தேன். கொட்டை பழுப்பேறி இருந்தது, சிலது தோல் உரிக்கும் மிஷினில் அடிபட்டிருந்தது. ஒதுக்கி வைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை நோன்பு தொடங்கியது. பகலில் ருசி பார்க்க முடியாது என்பதால் பொழுது சாய்ந்து நோன்பு திறந்த பிறகுதான் இந்த மாதம் முழுக்க மாதிரி பார்ப்பேன். முதல் நாள் பத்து மூட்டையிலும் கைப்பிடி கைப்பிடியாக வறுத்து முடித்து, மிச்சமிருந்த சூட்டில் இதையும் சும்மா போட்டேன். கொட்டை வெடிக்கத் தொடங்கியபோதே கடை வேறு மாதிரி மணத்தது. அரைத்து, கிண்ணத்தில் சுடுதண்ணீர் ஊற்றி, நாலு நிமிஷம் கழித்து ஒரு கரண்டி உறிஞ்சினேன்.

தங்கச்சி, பதினெட்டு வருஷமாகக் காபி வறுக்கிறேன். என் வாப்பா மிளகாய் வற்றல் விற்ற கடையின் பின்கட்டில்தான் தொடங்கினேன். இப்படி ஒன்று என் நாக்கில் பட்டதில்லை. நாவல்பழம். அதன் பின்னால் பழுத்த பலாச்சுளை. விழுங்கிய பிறகு வெல்லப்பாகு மாதிரி ஒன்று தொண்டையிலேயே நிற்கிறது. உன் அண்ணி சமரீனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். "நோன்பு தொறந்த வாய்க்கு பச்சத் தண்ணியே தேனாத்தான் இருக்கும், போங்க" என்றாள். அதனால் நேற்றும் வறுத்துப் பார்த்தேன். அதேதான். அவளே இரண்டாவது கிண்ணம் கேட்டாள்.

இந்த மூட்டைக்கு அர்ச்சுனன் என்ன செய்தான்? பழத்தில் வேறு ரகமா? தோல் உரித்த பிறகு தொட்டியில் கூடுதல் நேரம் ஊறவைத்தானா? எந்தச் சரிவில் பறித்தது? உனக்குத் தெரிந்ததை எழுது. அவன் கடைசியாக எனக்கு அனுப்பியது இது. அதை நான் வீணாக்க மாட்டேன்.

பூவிழி பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டாளா?

அன்புடன்,
முகம்மது கவுஸ்


சித்தேரி
22 மார்ச் 2024

கவுஸ் அண்ணனுக்கு,

தீர்த்தம்மாள் வணக்கம். காலிச் சாக்கு பன்னிரண்டும் கடிதமும் வந்தன. பூவிழி அரூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். ஒன்பதாவது பரீட்சை நடக்கிறது.

நீங்கள் கேட்ட மூட்டைக்கு விசேஷமாக ஒன்றும் செய்யவில்லை. எல்லாம் ஒரே தோட்டம், ஒரே ரகம். தொட்டியில் கூடுதலாக ஊறவைக்கவில்லை. அந்த மூட்டை நன்றாக இருக்காது என்றுதான் நினைத்தேன். வேண்டாமென்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

காரியத்துக்கு வந்தவர்கள் போன பிறகு மாமியாரைப் பார்க்க வேண்டியிருக்கிறது, ஆடுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எழுத நேரமில்லை.

தீர்த்தம்மாள்


தர்மபுரி
9 ஜூலை 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

நல்ல செய்தி. பதினோராம் மூட்டையில் அரைக் கிலோவைப் பெங்களூரில் நடந்த ருசிப் போட்டிக்கு அனுப்பியிருந்தேன். நூற்றுக்கு எண்பத்தெட்டே கால் போட்டிருக்கிறார்கள். நம் காபி இதுவரை எண்பத்து மூன்றைத் தாண்டியதில்லை. மேடையில் என் பெயரைச் சொன்னபோது "தர்மபுரியில் காபியா?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். "மாம்பழத்துக்கு மட்டும்தானா எங்க ஊரு?" என்று நான் கேட்டேன். சிரித்தார்.

மிச்சமிருந்ததைச் சின்னச் சின்னப் பாக்கெட்டாகப் போட்டேன். பதினொரு நாளில் தீர்ந்துவிட்டது. பாக்கெட் ஒன்று இதோடு அனுப்பியிருக்கிறேன். முன்பக்கத்தில் இருப்பது, போன வருஷம் நான் மலைக்கு வந்தபோது தோட்டத்தில் எடுத்த படம். அவன் சிரித்துக்கொண்டிருப்பான். கீழே "சித்தேரி அர்ச்சுனனின் கைப்பக்குவம்" என்று போட்டிருக்கிறேன். வாங்குகிறவர்கள் விளைவித்தவர் முகத்தைப் பார்க்க விரும்புகிறார்கள். அவன் பெயர் நிற்கட்டும் என்று எனக்கும் ஆசை.

இப்போது முக்கியமான விஷயம். பெங்களூரில் மூன்று கடைக்காரர்கள் அடுத்த விளைச்சலில் இதே காபி வேண்டும் என்கிறார்கள். இருபது கிலோ போதாது, இருநூறு வேண்டும். நான் சரி என்று சொல்லிவிட்டேன். அதை நம்பி வறுக்கும் மிஷினைப் பெரிதாக்கப்போகிறேன். அதனால் அந்த மூட்டையை எப்படிச் செய்தீர்கள் என்பது எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். நீ "ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதியிருந்தாய். ஒன்றும் செய்யாமல் ஒரு காபி இப்படி மாறாது. அந்த வாரத்தில் நடந்ததை நாள்வாரியாக நினைத்துப் பார். மழை பெய்ததா, பனி இருந்ததா, காயவைக்கும் பாயை மாற்றினீர்களா. சின்ன விஷயமாக இருக்கும், உனக்கு அது பெரிதாகத் தோன்றியிருக்காது.

அன்புடன்,
கவுஸ்


சித்தேரி
2 ஆகஸ்ட் 2024

கவுஸ் அண்ணனுக்கு,

பாக்கெட் வந்தது. வூட்டில் இருக்கும் கல்யாணப் போட்டோவிலும் ஆதார் அட்டையிலும் அவர் விறைப்பாகத்தான் நிற்பார். சிரிக்கிற படம் எங்களிடம் இல்லை. அதை முதலில் பாக்கெட்டில் பார்க்க வேண்டியதாயிற்று.

பூவிழியின் ஹாஸ்டலில் ஒரு டீச்சர் போனில் இந்தப் படத்தைக் காட்டி, "இது உங்க அப்பாவா, பெரிய ஆளா இருக்காரே" என்று சொன்னாராம். பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று வார்டன் சொல்லியனுப்பினார். படத்தை எடுத்துவிடுங்கள். இதை ஒருமுறை கேட்கிறேன்.

அந்த வாரத்தை நாள்வாரியாக நினைத்துப் பார்க்கச் சொல்கிறீர்கள். அண்ணா, அந்த வாரம் எது என்று உங்களுக்குத் தெரியாதா?

இருநூறு கிலோவுக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. நீங்கள் கொடுத்தீர்கள். கொழுந்தன் மாதப்பன் வந்து உதவுகிறான். அவரைப்போல எங்களுக்குக் கை ஓடாது. முடிந்ததை அனுப்புகிறோம். எல்லாம் பத்து மூட்டையைப்போலத்தான் இருக்கும். பதினோராவது மாதிரி இருக்காது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தீர்த்தம்மாள்


தர்மபுரி
24 பிப்ரவரி 2025

தீர்த்தம்மாளுக்கு,

ஆகஸ்ட் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதினால் சண்டை வரும் என்று விட்டுவிட்டேன். இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்த வருஷத்து மூட்டைகள் பதினாலும் வந்தன. ஒவ்வொன்றையும் மூன்று தடவை வறுத்துப் பார்த்தேன். சுத்தமான காபி. குறை சொல்ல ஒன்றுமில்லை. பறித்த அன்றே பொழுது சாய்வதற்குள் தோல் உரித்தது ருசியிலேயே தெரிகிறது. அந்த ஒழுங்கை நீங்கள் விடவில்லை, சந்தோஷம். ஆனால் எண்பத்திரண்டு, எண்பத்து மூன்று. அவ்வளவுதான். நாவல்பழமும் இல்லை, பலாவும் இல்லை.

நவம்பரில் நான் சொல்லியனுப்பியபடி தொட்டியில் ஒன்றரை நாள் ஊறவைத்த மூட்டையும் இதில் இருக்கிறது. புளித்த கஞ்சி மாதிரி இருக்கிறது. ஆக, அதுவும் இல்லை.

பெங்களூர்க்காரர்கள் மூன்று பேரும் மாதிரியைக் குடித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒருவர் நேராகவே கேட்டார்: "போன வருஷத்துது உங்க காபிதானா, இல்ல எத்தியோப்பியாவிலேருந்து வாங்கிப் பேரு மாத்தினீங்களா?" பதினெட்டு வருஷத்தில் என்னை யாரும் கலப்படக்காரன் என்று சொன்னதில்லை. பெரிய மிஷின் கடை நடுவில் சும்மா நிற்கிறது. சமரீன் அதன் மேல் துணி உலர்த்துகிறாள்.

அரூரில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. ஏற்காட்டிலிருந்து ஒரு வியாபாரி தை மாதத்தில் இரண்டு தடவை உங்கள் ஊருக்கு வந்து போனானாம். சந்திரமோகனைக் கேட்டேன். "வந்தாரு, போனாரு. என்னைய எதுக்குப் பாய் கேக்குறீங்க, நான் டிக்கெட் கிழிக்கிறவன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்லதை அவனுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை எனக்கு அனுப்புகிறாய் என்று நான் நினைத்தால் அது என் தப்பா? ஒரு வருஷமாக ஒரே கேள்வியைக் கேட்கிறேன். ஒரு வருஷமாக மழுப்புகிறாய்.

அர்ச்சுனன் என்னிடம் எதையும் மறைத்ததில்லை. அவன் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது.

முகம்மது கவுஸ்


சித்தேரி
5 மார்ச் 2025

கவுஸ் அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு நாள் வைத்திருந்துவிட்டு எழுதுகிறேன். ஏற்காட்டு வியாபாரி வந்தது உண்மை. பழமாகவே கேட்டார். கொடுக்கவில்லை. உங்களுக்குத்தான் கொடுப்பது என்று மாமியாரே சொல்லித் திருப்பியனுப்பினார்.

நீங்கள் கேட்டதைச் சொல்கிறேன். பதினோராம் மூட்டை, போன வருஷம் ஜனவரி பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை பறித்த பழம். அவர் இறந்த நாள்.

காலையிலேயே இடது கை இழுக்கிறது என்றார். ராத்திரி ஒருக்களித்துப் படுத்ததால் இருக்கும் என்றும் சொன்னார். ஐந்து பேர் பறித்துக்கொண்டிருந்தோம். பதினொன்றரை மணிவாக்கில் ஓக் மரத்தடியில் போய் உட்கார்ந்தார். முகத்தில் வேர்வை. தை மாதக் குளிரில் வேர்வை. "ரெண்டு மணி பஸ்ஸுல ஏறி அரூர் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருங்க" என்றேன். எங்கள் ஊருக்கு அதுதான் கடைசி பஸ் என்பது உங்களுக்குத் தெரியும்.

அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பாதி மரம் பறிச்சாச்சு. பொழுது சாயறதுக்குள்ள உரிக்கலேன்னா பாய் நாக்கு கண்டுபிடிச்சிடும்டி. நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுல போறேன்."

"நாங்க உரிச்சிக்கிறோம், நீங்க போங்க" என்றேன். "உரிக்கிற மிஷினுக்கு இடைவெளி வைக்க உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. மாதப்பனுக்கும் தெரியாது. நீங்கள் வந்து அவருக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். நான் காபி போட்டுக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றேன்.

இரண்டு மணிக்கு பஸ் திருப்பத்தில் நின்று ஹாரன் அடித்தது. சந்திரமோகன் அண்ணன் இறங்கி நின்று, "என்னா அர்ச்சுனா, வரியா? மூஞ்சியே சரியில்லையே" என்று சரிவைப் பார்த்துக் கத்தினார். இவர் கையை ஆட்டிப் போகச் சொன்னார். பஸ் இரண்டு மூன்று நிமிஷம் நின்றது. பிறகு போய்விட்டது. சந்திரமோகன் அண்ணன் உங்களிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று இப்போது தெரியும்.

நாலு மணி தாண்டிப் பறித்து முடித்தோம். மூன்று பையில் நிரப்பி அவரே வாயைக் கட்டினார். இரண்டைத் தூக்கி மாதப்பன் தலையில் வைத்தார். மூன்றாவதைத் தூக்கக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து ஊர் ஜீப் வரும்போது மணி ஐந்தேகால். மலையிறக்கத்தில், அடிவாரத்துக்கு இரண்டு வளைவு இருக்கும்போது என் மடியிலேயே போய்விட்டார். அப்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் ஐந்தாம் நாள் பால் தெளிக்கும்வரை விளைச்சலில் யாரும் கைவைக்க மாட்டோம். பறிக்கவும் மாட்டோம், பறித்ததைப் பிரிக்கவும் மாட்டோம். அந்த மூன்று பையும் கொட்டகைச் சுவரோரம் கட்டியபடியே கிடந்தன. ஐந்தாம் நாள் பிரித்தால் கள்ளுப்பானை வாடை. "கொட்டிருங்க அண்ணி, ஆடுகூடத் திங்காது" என்றான் மாதப்பன். அது அவர் பறித்த பழம். என்னால் கொட்ட முடியவில்லை. மிஷினுக்கு இடைவெளி வைக்கத் தெரியாமல் நானே உரித்தேன். அதனால்தான் கொட்டை அடிபட்டிருந்தது. கழுவிக் காயவைத்து, மற்றவற்றோடு சேர்த்து அனுப்பினேன். நீங்கள் பார்த்ததும் தூக்கிப் போட்டுவிடுவீர்கள் என்று நினைத்துத்தான் அனுப்பினேன். என் கையால் முடியாததை உங்கள் கை செய்யட்டும் என்று.

நீங்கள் அதற்கு நாவல்பழம் என்று எழுதினீர்கள்.

அண்ணா, பொழுது சாய்வதற்குள் உரிக்க வேண்டும் என்று அட்டையில் எழுதி எங்கள் கொட்டகையில் மாட்டியவர் நீங்கள். அதற்காக அவர் பஸ்ஸை விட்டார். நாலு நாள் கழித்து உரித்த பழத்துக்கு உங்களுக்குப் பரிசு கிடைத்தது. இதை நான் எப்படி எழுதுவது? யாருக்கு எழுதுவது? அதனால்தான் ஒரு வருஷம் மழுப்பினேன்.

அவர் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காதுதான். அந்தக் காபியும் இருந்திருக்காது.

தீர்த்தம்மாள்


தர்மபுரி
7 ஏப்ரல் 2025

தீர்த்தம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நோன்பு தொடங்கி ஒரு வாரத்தில் வந்தது. பெருநாள் முடிந்து ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். நடுவில் நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

ஒரு நாள் நேரில் வருவது என்று கிளம்பி அரூர் பஸ் நிலையம்வரை வந்தேன். சந்திரமோகன் படியில் நின்றுகொண்டு, "ஏர்றீங்களா பாய், இல்ல இங்கயே ஒரு டீயக் குடிச்சிட்டுத் திரும்புறீங்களா?" என்று கேட்டார். நான் நோன்பு என்பது அவருக்குத் தெரியும். பஸ் கிளம்பிப் போகும்வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த அட்டையில் இருந்தது நானாகக் கண்டுபிடித்தது இல்லை. பெங்களூரில் மூன்று நாள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். பறித்த பழம் கிடந்தால் புளிக்கும், புளித்தால் காபி கெடும். எல்லோரும் சொல்வது அதுதான். அது தப்பில்லை. பெரும்பாலும் தப்பில்லை. ஒரு மனிதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் அது பொருந்தும் என்று நான் எழுதவில்லை. ஆனால் பொருந்தாது என்றும் எழுதவில்லை. அர்ச்சுனன் நான் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏற்காட்டு வியாபாரி விஷயத்தில் நான் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கடைசி வரிக்கும்.

படத்தை எடுத்துவிடுகிறேன். அச்சடித்த பாக்கெட் நானூறு இருக்கிறது. அது தீர்ந்ததும் எடுத்துவிடுகிறேன்.

இனி எழுதப்போவதை எழுத வேண்டாம் என்று சமரீன் சொன்னாள். "உங்களுக்கு மனுசத்தன்மை இருந்தா இந்த லெட்டர இதோட முடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சொல்வது சரி. ஆனால் மிஷின் முன்னால் நிற்கிறது. அடுத்த விளைச்சலில் அந்த ருசி வராவிட்டால் இந்தக் கடை இருக்காது. வாப்பாவின் மிளகாய்க் கடையும் இருக்காது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

பழத்தைப் பையில் கட்டியதாக எழுதியிருந்தீர்கள். அது சாதாரணச் சாக்கா, அல்லது கொட்டை ஈரம் வாங்காமல் இருக்க நான் கொடுத்திருந்த பிளாஸ்டிக் உள்பையா? வாய் இறுக்கிக் கட்டியிருந்ததா, தளர்வாகவா? நாலு நாளும் நிழலில்தான் கிடந்ததா?

முகம்மது கவுஸ்


சித்தேரி
18 ஏப்ரல் 2025

முகம்மது கவுஸ் அவர்களுக்கு,

இதைத் தபாலில் அனுப்புகிறேன். இனி எங்களிடமிருந்து சாக்கு வராது என்பதால் சந்திரமோகன் அண்ணனுக்கும் வேலையில்லை.

கேட்டதற்குப் பதில். பிளாஸ்டிக் உள்பைதான். பறிப்புச் சாக்கு பனியில் நனைந்து கிடந்ததால் அன்றைக்கு உங்கள் பையை எடுத்தார். வாய் இறுக்கிக் கட்டியிருந்தது. வாழைநார், இரண்டு சுற்று, மேலே மடித்து ஒரு முடிச்சு. கொட்டகையின் வடக்குச் சுவரோரம் கிடந்தது, வெயில் படாது. வெள்ளி சாயங்காலம் நாலரையிலிருந்து செவ்வாய் மதியம் பன்னிரண்டுவரை. நாங்கள் பிரிக்கும்போது மூன்று பையும் உப்பியிருந்தன. முடிச்சை அவிழ்த்ததும் புஸ்ஸென்று காற்று வெளியே வந்தது. மாதப்பன் பயந்து பின்னால் போனான். நான் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு உரித்து, ஓடைத் தண்ணீரில் மூன்று தடவை அலசி, வலைக் கட்டிலில் பன்னிரண்டு நாள் காயவைத்தேன்.

செய்முறை இவ்வளவுதான். யார் வூட்டுப் பழத்திலும் செய்யலாம். சாவு வேண்டியதில்லை. நீங்கள் வேறு மலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டு வியாபாரிக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன். வரும் விளைச்சலைப் பழமாகவே எடுத்துக்கொள்கிறார். உரிப்பதும் காயவைப்பதும் அவர் பாடு. பிப்ரவரியில் நீங்கள் எழுதியது அப்போது பொய். இப்போது உண்மையாகிவிட்டது.

நானூறு பாக்கெட் தீரும்வரை அவர் சிரித்துக்கொண்டிருக்கட்டும். நீங்கள் அனுப்பிய பாக்கெட்டிலிருந்து படத்தை மட்டும் வெட்டிப் பூவிழிக்குக் கொடுத்துவிட்டேன். பெட்டியில் வைத்திருக்கிறாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். உங்கள் அட்டையைப் போன கார்த்திகையிலேயே கழற்றிவிட்டேன். இந்த வருஷப் பறிப்பில் இரண்டு மணி பஸ் ஹாரன் அடித்ததும் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டோம். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் பஸ்ஸில் ஏற்றிவிடுவோம். அது போன பிறகுதான் அவரவர் வூட்டுக்குப் போவது. பறித்த பழம் ராத்திரி முழுக்கக் கொட்டகையில் கிடக்கும். மறுநாள் காலையில்தான் உரித்தோம். பதினாலு மூட்டையும் அப்படி உரித்ததுதான்.

ஒவ்வொன்றையும் மூன்று தடவை வறுத்துப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். பொழுது சாய்வதற்குள் உரித்தது ருசியிலேயே தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நாக்கு கண்டுபிடிக்கவில்லை.

அ. தீர்த்தம்மாள்